இருபது தூர் எண்ணினால் இருபது சாட்சியா?

கேள்வி: என் அம்மா தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். விடுமுறையில் நானும் போனேன். மருந்து அடித்த தோட்டத்தில் இருபது தூர், அடிக்காத தோட்டத்தில் இருபது தூர் பார்த்து, பூவுக்கு வந்த தேனீக்களை எண்ணினேன். அடிக்காத இடத்தில் இரண்டு மடங்கு. கம்ப்யூட்டரில் டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) போட்டேன், பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. மருந்துதான் காரணம் என்று எழுதலாமா?
- கல்லூரி மாணவர், கம்பம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. நீங்கள் எண்ணியதில் குறையில்லை. ஆனால் மருந்தைத் தூர் தூராகவா அடித்தார்கள்? தோட்டம் முழுக்க அடித்தார்கள். ஆக, மருந்தைப் பற்றிய கேள்விக்கு உங்களிடம் இருப்பது நாற்பது சாட்சி இல்லை. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான். அடிக்காத தோட்டம் காட்டை ஒட்டி இருக்கலாம். பக்கத்து மரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்கலாம். இரண்டு தோட்டமும் வேறு வேறு என்று டி-டெஸ்ட் சொல்லும். ஏன் வேறு என்பது அதற்குத் தெரியாது.

இந்தத் தவறுக்கு 'சூடோரெப்ளிகேஷன்' என்று பெயர். 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் களப் பரிசோதனைக் கட்டுரைகளை அலசியபோது, இப்படி டெஸ்ட் போட்டவற்றில் 48 சதவீதத்தில் இது இருந்தது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஓடையில் முப்பது பாட்டில் தண்ணீர் எடுத்து, முப்பது மாதிரி என்று மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த ஓடையில் எல்லாம் தலைகீழாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, என்ன செய்யலாம்? எட்டுத் தோட்டக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சீட்டுக் குலுக்கி, நான்கு தோட்டத்தில் மட்டும் பூ இருக்கும் சமயத்தில் ஒரு சுற்று மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சீட்டு முக்கியம்; அவரவர் விருப்பத்துக்கு விட்டால் காட்டோரத் தோட்டங்களே ஒரு பக்கம் சேர்ந்துவிடும். ஏலப்பூ ஒரே நாள்தான் நிற்கும், அதனால் எல்லாத் தோட்டத்திலும் காலையில் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். தோட்டத்துக்கு ஒரே ஒரு எண், அங்கே பார்த்த தூர்களின் சராசரி.

மருந்தால் வித்தியாசமே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சீட்டு யாருக்கு விழுந்திருந்தாலும் அதே எண்கள்தான் வந்திருக்கும். எட்டில் நான்கை 70 விதமாக எடுக்கலாம். மருந்து அடிக்காத நான்கும் முதல் நான்கு இடத்தைப் பிடித்தால், அது வெறும் தற்செயலாக நடக்க 70-ல் ஒரு வாய்ப்பு, சுமார் 1.4 சதவீதம். கம்ப்யூட்டரே வேண்டாம். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் எட்டுக் கோப்பைத் தேநீரை வைத்து விளக்கியதும் இதே கணக்குதான். மூன்றுக்கு மூன்று என்றால் 20 விதம்தான். மிக நல்ல முடிவு வந்தாலும், தற்செயல் இல்லை என்று சொல்ல வழக்கமாக வைக்கும் எல்லையான 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. அதனால் எட்டுக்குக் குறைக்காதீர்கள்.

வித்தியாசம் தெளிவாகத் தெரியாவிட்டால், 'மருந்தால் தேனீக்குப் பாதிப்பில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எட்டுத் தோட்டத்தில் சிறிய சரிவு கண்ணில் படாமலே போகும். அப்படி ஒரு வரி எழுதினால் அதைக் காட்டியே இன்னும் இரண்டு சுற்று அடிப்பார்கள்.

எந்த மருந்து, எந்தத் தேதியில் அடித்தார்கள் என்பதைக் கங்காணியிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அடித்த அன்றைக்கே எண்ணுவதற்காக உள்ளே போகாதீர்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.