வெளிநாட்டில் தன்னார்வலராக இருந்துகொண்டு இளம்பெண்களுக்கான தலைமைத்துவ மாநாடு நடத்த விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்குங்கள். நான் முதலில் வழுக்கி விழுந்தது அங்கேதான்.

பிறந்து வளர்ந்தது மலேசியாவில், கிள்ளானில். 2022-இல் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எட்டு மாதம் இருந்தேன். வெளிநாடு என்றாலும் மொழி நம்முடையதுதானே என்ற தைரியத்தில் திருச்சியில் விமானம் இறங்கினேன். ‘இளம்பெண்கள் தலைமைத்துவ மாநாடு’ என்று நோட்டீஸ் அடித்து ஊருக்குள் கொடுத்த முதல் நாளே அந்தத் தைரியம் போய்விட்டது. ஒரு பாட்டி நோட்டீஸை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, “எந்தக் கட்சி தாயி? லாரி அனுப்புவீர்களா?” என்று கேட்டார்.

எங்களுக்கு மாநாடு என்றால் ஓட்டல் மண்டபம், கழுத்தில் அட்டை, தேநீர் இடைவேளை. மதுரையில் மாநாடு என்றால் கொடி, பந்தல், பிரியாணிப் பொட்டலம். வயதுப் பெண்ணை அதற்கு யார் அனுப்புவார்கள்? ‘முகாம்’ என்று மாற்றினோம். கண் பரிசோதனை என்று நினைத்து நான்கு பெரியவர்கள் பெயர் கொடுத்தார்கள். ‘பயிற்சி’ என்றோம், தையல் மிஷின் உண்டா என்றார்கள். ‘தலைமைத்துவம்’ என்ற சொல்லும் மலேசியா, இலங்கைப் பக்கத்துப் பழக்கம். மதுரைப் பக்கம் ‘தலைமைப் பண்பு’ என்பார்கள். கடைசியில் வழி சொன்னது ஒரு பிளஸ் டூ மாணவி. “அரையாண்டு லீவில் இரண்டு நாள், மதியச் சாப்பாடு உண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று மட்டும் சொல்லுங்கள் அக்கா. பெயர் எதற்கு?” பெயரில்லாமலே நடத்தினோம்.

அடுத்தது பணம். நண்பர்களிடம் ஆசையாக ரிங்கிட் திரட்டி வைத்திருந்தேன். அதைத் தொடவே முடியவில்லை. வெளிநாட்டுப் பணம் வாங்க இந்தியத் தொண்டு நிறுவனத்துக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். எங்கள் நிறுவனத்துக்குப் பதிவு இல்லை. ரிங்கிட்டை எண்ணி அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். விசாவையும் முன்கூட்டியே பாருங்கள்: சம்பளமில்லாத தொண்டு என்றாலும் மாதக்கணக்கில் இருப்பதற்குச் சுற்றுலா விசா உதவாது.

பிறகு எப்படி நடந்தது? மார்கழி காப்பாற்றியது. அந்த மாதத்தில் கல்யாணம் இல்லை, மண்டபம் பூட்டித்தான் கிடக்கும். பாதி வாடகைக்குக் கிடைத்தது. அரிசிக்கடைக்காரர் ஒருவர் இரண்டு நாள் அரிசியும் பருப்பும் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது வாசல் பேனரில் ‘உபயம்’ என்று தன் பெயரும் படமும். தலைப்பு இல்லாத பேனர் ஆகையால் படத்துக்கு நிறைய இடம் இருந்தது.

எங்கள் உழைப்பில் முக்கால்வாசி வீடு ஏறி இறங்குவதில் போயிற்று. முதல் முறை அம்மா பேசுவார். இரண்டாம் முறை அப்பா. மூன்றாம் முறை போகும்போதுதான் முடிவெடுக்கிறவர் தாய்மாமன் என்று தெரியவரும். யாரும் படம் எடுக்க மாட்டோம், வாட்ஸ்அப்பில் எதுவும் போகாது என்று சொன்ன பிறகே பாதி வீடுகள் இறங்கி வந்தன. அமெரிக்கத் தன்னார்வலர்கள் 1995-இல் ருமேனியாவில் தொடங்கிய ‘க்ளோ’ பெண்கள் முகாம்தான் என் மனதில் இருந்த மாதிரி. அது ஒரு வாரம் தங்கிச் செய்வது. இங்கே ஒரு இரவு தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள் 41 பேர் வந்தார்கள். தலைவி என்றால் யார் என்று கேட்டேன். நேர்மை, துணிவு, தன்னம்பிக்கை என்று பேச்சுப்போட்டிப் பதில்கள் வந்தன. சாப்பாட்டு நேரத்தில் சமையல் செய்ய வந்த அக்கா கரண்டியோடு நின்று சின்னப்பிள்ளை என்ற அம்மாவின் கதையைச் சொன்னார். மதுரைக்குப் பக்கத்துப் புல்லுச்சேரிக்காரர். அறுவடைக்குப் போகும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூலி பேசியவர், களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை வளர்த்தவர். டில்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-இல் பத்மஸ்ரீ. என் காலை வகுப்பு முழுவதையும் அந்த அக்கா பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டார்.

மதியம் மூன்றரைக்கு எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஐந்தரை வரை ‘கருத்துப் பகிர்வு’ வைத்திருந்தேன். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதே பிளஸ் டூ மாணவி சொன்னாள்: “நாலு பத்து பஸ்ஸை விட்டால் ஏழு மணிக்குத்தான் அக்கா. இன்று இருட்டினால் நாளை அனுப்ப மாட்டார்கள்.” பள்ளி நாட்களிலும் இதே கதை என்று அப்புறம் தெரிந்தது. மணி அடிப்பது நாலேகாலுக்கு. பஸ் நாலு பத்துக்குப் போய்விடும்.

மறுநாள் என் நிகழ்ச்சி நிரலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நாள் முழுவதும் பஸ்தான். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அவர்களுக்கே தெரியும், பரீட்சையில் எழுதியதுதான். ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்ற இடத்தில்தான் சண்டை. “பஸ் நேரம்தானே கேட்கிறோம், தாழ்மை எதற்கு?” என்றாள் ஒருத்தி. அது இல்லாவிட்டால் படிக்காமலே போட்டுவிடுவார்கள் என்றாள் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தவள். இருபது நிமிடம் நடந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். தாழ்மை தோற்றது. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று, கையெழுத்து அழகாக உள்ளவள் புதுத் தாளில் முழுவதையும் மறுபடி எழுதினாள்.

திங்கட்கிழமை ஐந்து பேர் போனார்கள், துணைக்கு ஒரு அம்மா. என்னை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மலேசியாக்காரியைப் பார்த்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்றார்கள், அதுவும் சரிதான். மனு கொடுத்ததற்கான ரசீதை மட்டும் படமெடுத்து அனுப்பினார்கள்.

பஸ் நேரம் மாறவில்லை. ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வந்ததாம். நான் கிள்ளானுக்குத் திரும்பி, சித்திரைத் திருவிழாவும் முடிந்த பிறகு, இரண்டாவது மனு கொடுத்திருக்கிறார்கள். அதில் ‘பரிசீலிக்குமாறு’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்களாம்.