இசை கேள்வி–பதில்: தொண்ணூறுகளின் பாப் ஒலி

கேள்வி: வீட்டுக் கணினியில் பாட்டுப் பதிவு செய்து வருகிறேன். பிரிட்னி ஸ்பியர்ஸ், பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் காலத்து ஒலியைக் கொண்டுவர ஆசைப்பட்டு, அன்றைய கீபோர்டுகளின் ஒலிகளையெல்லாம் மென்பொருளாக வாங்கினேன். ஆனாலும் என் பாட்டு இன்றைய பாட்டாகவே கேட்கிறது. ஏன்? — ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தக் கருவிகளின் ஒலிகள் உங்களிடம் வந்துவிட்டன; அவற்றுக்கு இருந்த போதாமை வந்து சேரவில்லை. 1988-இல் வெளியான கோர்க் எம்1 கீபோர்டில் அத்தனை வாத்தியங்களின் பதிவுகளுக்கும் சேர்த்து இருந்த நினைவகம் வெறும் 4 மெகாபைட். பியானோவின் கம்பியில் சுத்தியல் விழும் முதல் கணத்தை அசலாகப் பதிந்துகொண்டு, அதன்பின் வரும் நீட்சிக்கு ஒரு சிறு துண்டையே சுழலவிட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். கூர்மையாகத் தொடங்கிச் சட்டென்று மெலியும் அந்தப் பியானோ, டிரம்ஸைத் தாண்டித் தெளிவாகக் கேட்டதற்கு இந்தச் சிக்கனமே காரணம். மேலும், அதில் ஒரே சமயத்தில் 16 சுரங்கள்தான் ஒலிக்கும். ஒரு கட்டைக்கு இரண்டு ஒலிகளை அடுக்கினால் அதுவும் எட்டாகக் குறையும். ராபின் எஸ் பாடிய ‘ஷோ மீ லவ்’ பாடலுக்கு ஸ்டாக்ஹோம்காரரான ஸ்டோன்பிரிட்ஜ் செய்து 1993-இல் உலகப் புகழ் பெற்ற மறுவடிவத்தைக் கேளுங்கள். எம்1-இன் ஆர்கன் ஒலியில் வாசிக்கப்பட்ட ஒரே ஒரு பேஸ் (தாழ்ந்த சுரங்களின்) வரிதான் முழுப் பாட்டையும் தாங்குகிறது.

ஆகவே டிரம்ஸ், பேஸ், ஒரு பியானோ அல்லது கிட்டார், பின்னணிக்கு ஒரு பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான கீபோர்டு ஒலி) ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, ஒன்று ஓயும் இடத்தில் மற்றொன்று பேசும்படி எழுதிப் பாருங்கள். ரிவெர்ப் எனும் எதிரொலிப்பையும் குறைக்க வேண்டியிருக்கலாம். ஸ்னேர் டிரம்மை மண்டபம் அதிர முழங்கவிடுவது எண்பதுகளின் பழக்கம். அதைத் தொண்ணூறுகளின் தலையில் கட்டுபவர்கள் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: இத்தகைய பாடல்களைப் பற்றிப் பேசினாலே ஸ்வீடனின் ஷெய்ரான் ஸ்டுடியோ என்கிறார்கள். அங்கே எப்படித்தான் மெட்டமைத்தார்கள்? — ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஸ்டாக்ஹோமில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த ஸ்டுடியோவை நிறுவியவர்களில் முக்கியமானவர் டென்னிஸ் பாப். அவர் நடனக் கூடங்களில் இசைத்தட்டுகளை ஒலிக்கவிடும் டிஜேயாக இருந்து இசைத் தயாரிப்புக்கு வந்தவர். எந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் களத்தைவிட்டு நகர்கிறார்கள் என்று பார்த்துப் பழகியவர் என்பதால், சலிப்பூட்டும் எதையும் தயவின்றி வெட்டினார். மெட்டல் குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்த மார்ட்டின் சாண்ட்பெர்கைச் சேர்த்துக்கொண்டு, மேக்ஸ் மார்ட்டின் என்று பெயர் சூட்டியவரும் அவரே. 1998-இல் 35 வயதில் டென்னிஸ் பாப் இறந்தார். 2000-இல் ஸ்டுடியோவும் மூடப்பட்டது.

அவர்களுடைய முறையைப் பிடிக்க பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடிய ‘பேபி ஒன் மோர் டைம்’ பாடல் ஒன்றே போதும். 1998-இல் வந்த அப்பாடல், நிமிடத்துக்குச் சுமார் 93 தட்டு வேகத்தில், சி மைனர் என்ற சுரவரிசையில் அமைந்தது. பியானோவின் கீழ்க்கட்டைகளில் விழும் மூன்று அடிகளிலேயே பாட்டு இன்னதென்று தெரிந்துவிடுகிறது. மைனர் சாயலுக்கு நடுவே ஜி மேஜர் கோர்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு உண்டாகி, மீண்டும் சி-க்குத் திரும்பியே தீர வேண்டும் என்ற தவிப்பைக் கொடுக்கிறது. நம் திரைப்பாட்டில் பல்லவி முந்தி, சரணம் பிந்தி வருவது வழக்கம். இங்கே சரணம் போன்ற வெர்ஸ் முதலில் வருகிறது. அடுத்து மெல்ல ஏறிச்செல்லும் ஓர் இணைப்புப் பகுதி. அதன் பிறகே பல்லவி போன்ற கோரஸ், அதுவும் முதல் நிமிடம் முடிவதற்குள். கடைசி கோரஸில் பழைய மெட்டுக்குக் குறுக்கே புதிய வரிகள் ஓடுவதால், மூன்றாம் முறை கேட்பதும் புதிதாக இருக்கிறது. இதற்கு மாற்றாக, 1999-இல் வந்த பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் ‘ஐ வாண்ட் இட் தட் வே’ பாடலில் இறுதிக் கோரஸை முழுதாக ஒரு சுரம் மேலே தூக்கிவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அசைக் கணக்கு. ஒரு வரியில் எத்தனை அசை, எந்தத் தட்டில் தொடக்கம் என்று முடிவானால், அதற்கு இணையான வரியிலும் அது பிசகாது. வெர்ஸ் தட்டின் மீதே தொடங்கினால் அடுத்த பகுதி தட்டுக்குச் சற்று முன்னரோ பின்னரோ தொடங்கும். ஓரிடத்தில் சொற்கள் நெருக்கமாக ஓடினால் அடுத்த இடத்தில் நீண்ட சுரங்கள் வரும். மெட்டு முடிவாகும் வரை பொருளற்ற அசைகளையே பாடிக்கொண்டிருந்து, சொற்களைப் பிறகு பொருத்துங்கள். சந்தத்துக்குப் பாட்டெழுதும் நம் கவிஞர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

கேள்வி: இப்படிக் கணக்குப் போட்டு எழுதுவதைக் கலை என்று சொல்ல முடியுமா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: வெண்பாவுக்குத் தளை பார்ப்பவரிடம் இதே கேள்வியைக் கேட்பீர்களா?

கேள்வி: ஒரே குரலை நகலெடுத்து அடுக்கிப் பார்த்தேன், அந்தக் கால ஹார்மனியின் (முதன்மை மெட்டோடு சேர்ந்தொலிக்கும் துணைச் சுரங்களின்) செழுமை வரவில்லை. குரலின் சுருதியைச் சரிசெய்யும் ஆட்டோ-டியூன் மென்பொருளைப் போடலாமா? — ஒரு வாசகி, கோவை

பதில்: நகல் எப்போதும் நகல்தான். கோரஸின் முதன்மை வரியை இரண்டு மூன்று முறை தனித்தனியாகப் பாடிப் பதியுங்கள். ஹார்மனியின் ஒவ்வொரு சுரத்தையும் இரண்டிரண்டு முறை பாடி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். இரண்டு பதிவுகளுக்கும் இடையே இயல்பாக நேரும் நூலிழை வேறுபாடுதான் அந்த அகலத்தைத் தருகிறது. வேறொருவரின் குரலும் கலந்தால் இன்னும் நல்லது. மேலே சொன்ன பிரிட்னி பாடலின் பின்னணிக் குரல்களில் மேக்ஸ் மார்ட்டினும் நானா ஹேடின் என்ற பாடகியும் இருக்கிறார்கள். கணினித் தாளத்தின் மீது நிஜமான கிட்டாரும் பேஸும் வாசிக்கப்பட்டதும் அதன் உயிர்ப்புக்கு ஒரு காரணம்.

ஆட்டோ-டியூன் 1997-இல்தான் விற்பனைக்கு வந்தது. ஷெர் பாடிய ‘பிலீவ்’ மூலம் அதன் உலோகக் குரல் உலகுக்குத் தெரிந்தது 1998-இல். எனவே 1995-ஐ ஒத்த பாட்டு வேண்டுமானால் அதைத் தொடாதீர்கள். பலமுறை பாடி, ஒவ்வொரு வரிக்கும் நன்றாக அமைந்த துண்டைத் தேர்ந்து ஒட்டுவதே அன்றைய வழி. தொண்டை நோகும், வேறு வழியில்லை.

கேள்வி: வெளியிடுமுன் பாட்டை இறுதியாகச் செப்பனிடும் மாஸ்டரிங்கில் சத்தத்தை எவ்வளவு ஏற்றலாம்? — அதே வாசகி

பதில்: தொண்ணூறுகள் முழுவதற்கும் ஒரே அளவு கிடையாது. 1994-இல் வேவ்ஸ் எல்1 போன்ற டிஜிட்டல் லிமிட்டர்கள் (ஒலியின் உச்சங்களை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்ற உதவுபவை) வந்த பின்னர் சத்தப் போட்டி சூடுபிடித்தது. 1992-இன் குறுந்தகட்டில் ஸ்னேர் அடி துள்ளி எழுவது கேட்கும். 1999-இன் குறுந்தகட்டில் பெரும்பாலும் அது சுவரில் அடித்த ஆணிபோல் தட்டையாகியிருக்கும். எந்த ஆண்டின் ஒலி வேண்டும் என்று முடிவு செய்து, அவ்வாண்டில் வந்த மூலக் குறுந்தகட்டோடு ஒப்பிட்டு அளவை வையுங்கள். இணையத்தில் ஒலிபரப்பாகும் பதிப்புகள் பல பிற்காலத்தில் மறுபடி மாஸ்டரிங் செய்யப்பட்டவை என்பதால், இந்த ஒப்பீட்டுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.