சைவம் மட்டும் சாப்பிடும் ஒருவர் குறைந்த செலவில் ஹனோய் நகரத்தைத் தனியாகச் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். பணி ஓய்வு பெற்ற பிறகு, முதுகில் ஒரு பையோடு வியட்நாமின் தலைநகரில் ஒரு வாரத்துக்கும் மேல் தங்கிவிட்டு வந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். மீன், முட்டை எதையும் நான் தொடுவதில்லை. சைவம், குறைந்த செலவு, தனிமை மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருப்பதைப் பார்த்தால், நீங்கள் இந்த ஆசையை வீட்டில் யாரிடமோ சொல்லி, "அங்கே போய் என்ன சாப்பிடுவாய்?" என்று கேட்க வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். தமிழ்ச் சமையற்காரர் உடன் வரும் குழுச் சுற்றுலாவில் போனால்தான் பிழைக்க முடியும் என்றும் சொன்னார்கள். குழுவோடு போவது தவறில்லை. நடக்க முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அது ஒன்றே வழி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

முதலில் செலவு. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் (வியட்நாமின் நாணயம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகரப் பகுதியில், பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை 1,50,000 முதல் 2,00,000 டாங் வரை, அதாவது 500 முதல் 700 ரூபாய்க்குள் கிடைத்தது. பெண்களுக்கு மட்டுமான அறைகளும் உண்டு. சில விடுதிகள் இத்தகைய அறைகளுக்கு வயது வரம்பு வைத்திருக்கின்றன. நீங்கள் இளைஞராக இல்லாவிட்டால் பதிவு செய்யும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். நொய் பாய் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர 86-ஆம் எண் பஸ் இருக்கிறது, 45,000 டாங். பழைய நகரத்தின் ஓரமாக வந்து ரயில் நிலையம் வரை போகும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், ஒரு நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எனக்கு 1,500 ரூபாயை ஒட்டித்தான் ஆனது. விமான டிக்கெட்டும் விசாவும் இதில் சேராது. ஹாலாங் விரிகுடாவில் படகில் போய் இரவு தங்க நினைத்தால் கணக்கே வேறு.

இனி சாப்பாடு. ஹனோயில் எங்கும் மீன் சாறு உண்டு என்பது உண்மை. கீரையை வதக்கினாலும் ஊற்றுவார்கள், தொட்டுக்கொள்ளும் கிண்ணத்திலும் அதுதான் இருக்கும். மதிய நேரத்தில் தெருவெல்லாம் கரி அடுப்பில் பன்றி இறைச்சி வாட்டும் புகை. ஆனால் அந்த நாட்டில் பௌத்தம் வேரூன்றி நூற்றாண்டுகள் ஆகின்றன. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, நிறைய குடும்பங்கள் மரக்கறி மட்டுமே சாப்பிடுகின்றன. இதை அறிந்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. நம் வீட்டிலும் அமாவாசைக்கு வெங்காயம்கூடச் சேர்க்காமல் சமைத்த காலம் உண்டு அல்லவா? அந்த மக்களுக்கு இந்த உணவு முறை புதிதல்ல. நீங்கள் விளக்கம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

'சாய்' என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள்; அந்த மொழியில் அதற்குச் சைவம் என்று பொருள். விடுதியில் சொன்னால் அந்தச் சொல்லை வியட்நாமிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தருவார்கள். அதைக் காட்டினால் போதும். 'கம் சாய்' என்னும் சைவச் சோற்றுக் கடையில் சோற்றோடு நாலைந்து வகைக் கறிகளை நீங்களே சுட்டிக்காட்டி வாங்கிக்கொள்ளலாம். தக்காளிச் சாற்றில் வேகவைத்த டோஃபு, பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, காளான், முட்டைக்கோஸ், ஒரு கிண்ணம் தெளிந்த சூப். 30,000 முதல் 50,000 டாங்குக்குள் வயிறு நிறைந்துவிடும். நான் வழக்கமாகச் சாப்பிட்ட கடையில் இருந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. மூன்றாவது தடவை போனபோது, கேட்காமலே மிளகாயை நசுக்கி ஒரு சிறு தட்டில் கொண்டுவந்து வைத்தார். எனக்குக் காரம் வேண்டும் என்பதை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

காலையில் தெருவோரம் விற்கும் ஒட்டரிசிச் சோறு பார்க்கச் சைவமாகத்தான் தெரியும். மேலே பாசிப்பருப்பைத் துருவித் தூவி, பொரித்த சிறுவெங்காயம் போட்டுத் தருவார்கள். அதில் பல இடங்களில் கோழிக் கொழுப்பை ஊற்றுகிறார்கள், எனவே கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை சாப்பிடுபவராக இருந்தால் முட்டைக் காப்பியைத் தவறவிடாதீர்கள். 1946-இல் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு ஹோட்டல் பணியாளர் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துப் பாலுக்குப் பதிலாகச் சேர்த்துக் கண்டுபிடித்தது. எனக்கு அது கிடையாது; இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிய காப்பியே போதுமானதாக இருந்தது.

அடுத்து, பணம். இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஒரு மாலை இலக்கியக் கோயில் என்ற பழைய கன்ஃபூசியஸ் கோயில் பக்கமிருந்து திரும்பும்போது கடும் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரம் நின்ற ஒரு டாக்சியில் ஏறினேன். விடுதி வாசலில் மீட்டர் 62,000 டாங் காட்டியது. கையில் சில்லறை இல்லாததால் 5 லட்சம் டாங் நோட்டைக் கொடுத்தேன். ஓட்டுநர் வாங்கிய கையைத் தாழ்த்தினார். அடுத்த நொடி ஒரு 20,000 டாங் நோட்டை உயர்த்திக் காட்டி, நான் கொடுத்தது இதுதான் என்றார். இரண்டு நோட்டுமே நீல நிறம், இரண்டும் பிளாஸ்டிக் தாள், இரண்டிலும் வியட்நாமின் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் படம். மங்கிய வெளிச்சத்தில் புதிதாக வந்தவர் தன் மேலேயே சந்தேகப்பட்டு இன்னொரு நோட்டை எடுத்து நீட்டிவிடுவார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் காசாளராக இருந்தவள். நோட்டை விரித்துப் பிடித்து, தொகையை வாய்விட்டுச் சொல்லி, எதிரில் இருப்பவர் கண்ணால் பார்த்த பிறகுதான் கையிலிருந்து விடுவேன். அன்றும் அப்படித்தான் கொடுத்தேன். 5 லட்சம் நோட்டு சற்று நீளம். பின்புறம் ஹோ சி மின்னின் சொந்த ஊர் வீடு இருக்கும். 20,000 நோட்டின் பின்புறம் ஹோய் ஆன் ஊரின் ஜப்பானியப் பாலம். எனக்கு ஐயமே எழவில்லை. வண்டியை விட்டு இறங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விடுதி வரவேற்பறைப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் மழையில் நனைந்துகொண்டே வந்து, முதல் வேலையாக வண்டி எண்ணைக் கைபேசியில் படம் எடுத்தாள். பேச்சு அதிகம் நடக்கவில்லை. என் நோட்டு இருக்கைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. 4,38,000 டாங் மீதியை அங்கேயே எண்ணி வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஓர் ஓட்டுநரை வைத்து ஓர் ஊரையே குறை சொல்வதாக யாராவது நினைக்கலாம். இல்லை. நனைந்துகொண்டு ஓடிவந்த பெண்ணும் அதே ஊர்க்காரிதான். நீங்கள் செய்ய வேண்டியது, நீல நோட்டுகள் இரண்டையும் வெவ்வேறு பையில் வைப்பது, கைபேசிச் செயலி வழியாக வண்டி கூப்பிடுவது. கட்டணம் முன்பே தெரிந்துவிடும்.

பணம் என்றதும், கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. புறப்படும் முன் டாலர் வாங்க ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். நான் பணியாற்றிய அதே வங்கி. கணக்கு என்னுடையது, ஓய்வூதியம் என்னுடையது, பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் என் பெயரில். படிவத்தைப் பார்த்த இளம் அதிகாரி, "உங்கள் மகனை வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அம்மா" என்றார். எந்த விதியின்படி என்று கேட்டேன். விதி இல்லை, உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று பதில் வந்தது. நான் காசாளர் கூண்டுக்குள் இருந்த காலத்தில், நகைக்கடன் தொகையை வாங்க வரும் பெண்களிடம் "வீட்டுக்காரர் வரவில்லையா?" என்று கேட்கக் கூடாது என்று புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மறுக்கும் காரணத்தை எழுத்தில் தரும்படி மேலாளரிடம் கேட்டேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கேட்கத் தெரியாத பெண்கள் மகனுக்காகக் காத்திருந்து பயணத்தையே கைவிட்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, ஊருக்கு வருகிறேன். ஹனோயில் சிறந்தவை பலவும் இலவசம். பழைய நகரத்தில் தொழிலுக்கு ஒரு தெரு என்று அமைந்திருக்கிறது. ஹாங் தியெக் தெருவில் இன்றும் தகரம் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஹோவான் கியம் ஏரியைச் சுற்றி வார இறுதியில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் குழந்தைகளும் முதியவர்களும் சாலையின் நடுவே நடக்கலாம். மற்ற நாட்களில் சாலையைக் கடக்க ஒரே வழி, மெதுவாக, ஒரே சீரான நடையில் போவது. திடீரென நிற்கவோ பின்வாங்கவோ கூடாது. மோட்டார் சைக்கிள்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும்.

லாங் பியன் பாலத்துக்கு விடியற்காலையில் போங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1902-இல் கட்டி முடித்தது. 1967-லும் 1972-லும் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. உடைந்த இடங்களைச் சரிசெய்து ரயிலை மறுபடி ஓட்டினார்கள். நடுவில் தண்டவாளம், இருபுறமும் மோட்டார் சைக்கிள், ஓரத்தில் நடப்பதற்கு ஒரு குறுகிய பாதை. சிமென்ட் பலகைகளின் இடைவெளியில் கீழே ஓடும் செவ்வாறு (ரெட் ரிவர்) தெரியும், கவனமாகக் கால் வையுங்கள். நடு ஆற்றில் ஒரு தீவும் அதில் வாழைத் தோட்டங்களும் உண்டு. ஒரு டாங்கூடச் செலவில்லை.

பணம் கொடுத்துப் பார்த்ததில் என் மனத்துக்கு நெருக்கமானது இலக்கியக் கோயில். நுழைவுக் கட்டணம் 70,000 டாங். 1070-இல் சீன ஞானி கன்ஃபூசியஸுக்காக எழுப்பப்பட்டது. சில ஆண்டுகளில் அரசின் கல்விக்கூடமும் அங்கே வந்தது. கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. அரசுத் தேர்வில் வென்றவர்களின் பெயரும் ஊரும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேர்வு எழுதி வேலைக்கு வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய ஒருத்திக்கு அந்த முற்றத்தில் நிற்பது சாதாரண விஷயமில்லை. ஹோ சி மின் நினைவிடம் காலையில் மட்டும் திறந்திருக்கும். திங்கள், வெள்ளி விடுமுறை. தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

மலிவாகச் சுற்றுவது அந்த ஊர்க்காரர்களைச் சுரண்டுவது என்று சிலர் சொல்வார்கள். நான் தட்டுக்கடையில் பேரம் பேசியதில்லை. அவர்கள் தங்கள் ஊர்க்காரர்களிடம் வாங்கும் விலையைத்தான் கொடுத்தேன். அந்தப் பணம் சமைத்தவர் கைக்கே நேராகப் போனது.

போவதாக முடிவு செய்தால் அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பருக்குப் பிறகு வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கும் நாட்கள் உண்டு. வியட்நாம் என்றாலே வெயில்தான் என்று பருத்திச் சட்டையோடு போகிறவர்கள் நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இ-விசாவுக்கு ஒரு முறை நுழைய 25 டாலர். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல மடங்கு கேட்கும். ஒரு முறை நுழைய 25-ஐ விட மிக அதிகமாகக் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சரியான தளத்தைத் தேடுங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். தந்தை பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல் வருகிறது.