ஆபரேஷன் முடிந்த 78 வயது அம்மாவை, ரீஹேப் மையத்தில் இடம் கிடைக்கும்வரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இடுப்பு எலும்பு முறிந்து திருவனந்தபுரத்தில் பாதி மூட்டு மாற்று ஆபரேஷன், நாளை மறுநாள் டிஸ்சார்ஜ், நாகர்கோவில் ரீஹேப் (மறுபடி நடக்கப் பயிற்சி தரும்) மையத்தில் இரண்டு வாரம் கழித்துத்தான் கட்டில், வீடு களியக்காவிளை பக்கம். அதுவரை படுக்கவைத்து ஓய்வு கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. படுத்தே கிடந்தால் தசை கரையும், நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், பின்புறம் புண்ணாகும். அப்படிக் கொண்டுபோனால், இழந்ததை மீட்பதிலேயே ரீஹேப் நாட்கள் போய்விடும். ஆஸ்திரேலியாவில் இந்த இடைக்காலத்துக்கென்றே 12 வாரம் வரை அரசுத் திட்டம் இருக்கிறது. நம் ஊரில் அந்த வேலை பெரும்பாலும் வீட்டார் தலையில்தான்.

வார்டை விட்டு இறங்கும் முன் டாக்டரிடம் கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்க வேண்டியவை: ஆபரேஷன் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம், மூட்டைப் பின்பக்கமாகத் திறந்தார்களா, தையல் பிரிக்கும் தேதி (வழக்கமாக 12 முதல் 14 நாள்), ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எந்தத் தேதிவரை, ரத்தப் பரிசோதனையில் கடைசியாகப் பார்த்த சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் அளவு), ஹீமோகுளோபின். எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். யூரின் டியூப் இருந்தால் வார்டிலேயே எடுக்கச் சொல்லி, அம்மா தானாகச் சிறுநீர் கழிப்பதைப் பார்த்த பிறகே கிளம்புங்கள். பழைய மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அங்கே ஒரு பிராண்டில் எழுதிய அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இங்கே வேறு பெயரில் ஏற்கெனவே வீட்டில் இருக்கும். இரண்டையும் போட்டு பிரஷர் இறங்கி விழுவது அடிக்கடி நடக்கிறது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும்.

வீட்டில் முதலில் உயரத்தைச் சரிசெய்யுங்கள். உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். பின்பக்கமாகத் திறந்த ஆபரேஷன் என்றால் இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால்மேல் கால் கூடாது, பாதம் உள்பக்கம் திரும்பக் கூடாது. மீறினால் மூட்டு நழுவலாம். முக்காலி, தாழ்ந்த பிரம்பு நாற்காலி, தரையில் உட்காருவது எல்லாம் வேண்டாம். இந்திய டாய்லெட் மட்டும்தான் என்றால், சர்ஜிகல் கடையில் கமோடு நாற்காலி வாங்கி அதன்மேல் வையுங்கள்.

எழுப்பும் முறை முக்கியம். தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்து, முழங்கையை ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்தே கட்டிலுக்கு வெளியே கொண்டுவர வேண்டும். விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் காலைச் சற்று முன்னால் நீட்டி, கையால் மெத்தையை அழுத்தி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது சரிந்துவிடும். எழுந்ததும் ஒரு நிமிஷம் நிற்கட்டும், தலை சுற்றினால் உட்காரட்டும். நடக்கையில் வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால் என்ற வரிசை. படி ஏற நல்ல கால் முதலில், இறங்க ஆபரேஷன் கால் முதலில். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலைந்து அடியாவது நடக்கட்டும். படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாய்வை மாற்றி, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பாருங்கள். குதிகாலிலோ பின்புறத்திலோ சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது.

ரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸாபரின் ஊசி எழுதியிருந்தால் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தினம் பக்கம் மாற்றிப் போட வேண்டும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சை முழுதாகப் போடுவதென்றால் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. இங்கே ‘ஹோம் நர்ஸ்’ என்று வருகிறவர்கள் பலர் நர்சிங் படித்தவர்கள் அல்ல. ஊசி போடப் பயிற்சி உண்டா என்று கேட்டுவிட்டு வையுங்கள். ஆசானை (வர்ம வைத்தியரை) வைத்து எண்ணெய் தடவச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தலாம். ஆபரேஷன் காலில் இப்போது கண்டிப்பாக வேண்டாம். உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கஞ்சி மட்டும் கொடுத்தால் தசை தேறாது. சிறுநீரகக் கோளாறு இல்லாத 50 கிலோ எடைக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு முட்டை, 100 கிராம் சாளை (மத்தி) மீன், 50 கிராம் சிறுபயறு, இரண்டு டம்ளர் பால், வழக்கமான சோறு என்றால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துவிடும்.

ராத்திரியில் ஆளை மாற்றிப் பேசினாலோ, பகலெல்லாம் மந்தமாகக் கிடந்தாலோ வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், சோடியம் குறைவு, டிரமடால் போன்ற வலி மாத்திரை என்று காரணம் இருக்கும். தூக்க மாத்திரை நிலைமையை இன்னும் மோசமாக்கும். கண்ணாடியும் காது மிஷினும் மாட்டிவிட்டு, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பிஎம்ஜேஏஒய் (மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு) அட்டையில் ஆபரேஷன் நடந்திருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள்வரை மருந்து, பரிசோதனைச் செலவு அதிலேயே அடங்கும். பில்லிங்கில் கேட்டுவிடுங்கள். வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிக்குப் பெயர் கொடுங்கள். கேரளத்தில் பாறசாலைப் பக்கம் என்றால் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (படுக்கை நோயாளிப் பராமரிப்பு) நர்ஸ் வீட்டுக்கு வருவார்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், காயத்தில் சீழ் கசிந்தால், மலம் கறுப்பாகப் போனால், எட்டு மணி நேரம் சிறுநீர் வராவிட்டால், அன்றே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, ஆபரேஷன் கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு ஊன்ற முடியாமல் போனாலோ உடனே 108.