போன் அங்கே, காது இங்கே: டாக்பேக் சோதனை பற்றி வாசகர் கேள்விகள்

திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் மென்பொருள்தான் ஸ்க்ரீன் ரீடர். ஆண்ட்ராய்டில் அதற்கு டாக்பேக் என்று பெயர், ஐபோனில் வாய்ஸ்ஓவர். கையில் இல்லாத போனில், இணையம் வழியாக அதைச் சோதிப்பது பற்றிப் புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: வாடகைக்குக் கிடைக்கும் தொலைநிலை போனை பிரவுசரில் திறந்து டாக்பேக்கை ஆன் செய்தோம். டாக்பேக் எதன் மேல் நிற்கிறது என்று காட்டும் பச்சைக் கட்டம் தெரிகிறது. ஆனால் மவுஸால் ஒரு முறை சொடுக்கினாலே பட்டன் திறந்துகொள்கிறது. வலப்பக்கம் இழுத்தால் கட்டம் நகராமல் பக்கம் நகர்கிறது. டாக்பேக் பழுதா?
*— லாஸ்பேட்டை, புதுச்சேரி*

டாக்பேக்கில் பழுதில்லை. உங்கள் சொடுக்கு அதன் வழியாகப் போகவில்லை. விரல் கண்ணாடியைத் தொடும்போது அந்தத் தொடுதல் முதலில் ஆண்ட்ராய்டின் உள்ளீட்டு வடிகட்டிக்குப் போகும். டாக்பேக் உட்கார்ந்திருப்பது அங்கேதான். ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்வது, இரு முறை தட்டினால் திறப்பது, வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போவது எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. தொலைநிலைக் கருவிகள் பலவும் தொடுதலை மென்பொருளால் உள்ளே செலுத்துகின்றன. அப்படிச் செலுத்தப்பட்ட தொடுதல் வடிகட்டியைத் தாண்டி நேரே செயலியில் போய் விழும். கணினியிலிருந்து போனுக்கு ஆணையிடும் ஏடிபி கட்டளையால் தட்டினாலும் இதே கதைதான்.

ஆகவே எந்தத் தொலைநிலை போனிலும் முதல் வேலை இது: டாக்பேக்கை ஆன் செய்து, ஏதாவது ஒரு பட்டனை ஒரே முறை சொடுக்குங்கள். பெயரை மட்டும் சொல்லி நின்றால் சோதனையைத் தொடரலாம். பட்டன் வேலை செய்துவிட்டால், அந்த வழியில் எத்தனை மணி நேரம் சோதித்தாலும் அது பார்வையுள்ளவர் செயலியைப் பயன்படுத்திய கணக்குத்தான்.

மாற்று வழிகள் உண்டு. பிரவுசர்ஸ்டாக் போன்ற சில சேவைகள் ஸ்க்ரீன் ரீடர் வசதியைத் தனியாகவே தருகின்றன. அது இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். உங்கள் அலுவலகப் போனையே தொலைவிலிருந்து இயக்குவதாக இருந்தால், எஸ், சி, ஆர், சி, பி, ஒய் என்ற ஆறு எழுத்துகளால் எழுதி 'ஸ்க்ரீன் காப்பி' என்று படிக்கப்படும் இலவசக் கருவி போதும். அதில் விசைப்பலகை முறையை யூஹெச்ஐடி என்று மாற்றுங்கள். 2.4 பதிப்பு முதல் இது இருக்கிறது. அப்போது போன் அதை நிஜமான வெளி விசைப்பலகை என்றே எண்ணும், விசைகள் டாக்பேக் வழியாகப் போகும். டாக்பேக்கின் இயல்பான விசை அமைப்பில் ஆல்ட்டுடன் வல அம்பு அடுத்ததற்கு, இட அம்பு முந்தையதற்கு, என்டர் திறக்க.

தொடுதல் சரியாகப் போகும் சேவைகளிலும் இரட்டைத் தட்டு அடிக்கடி தவறும். இரு தட்டுகளுக்கு இடையே ஆண்ட்ராய்டு தரும் அவகாசம் 300 மில்லிநொடி. இணையம் சீராகத் தாமதித்தால் கெடுதல் இல்லை, இரண்டு தட்டும் ஒரே அளவு பிந்தி வரும். தாமதம் ஏறி இறங்கினால்தான் இடைவெளி விரிந்து, இரட்டைத் தட்டு இரண்டு ஒற்றைத் தட்டாகிவிடும். இதைச் செயலியின் குறை என்று பதிவு செய்துவிடாதீர்கள். அதே போனின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரட்டைத் தட்டு வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று: டாக்பேக்கை ஆன் செய்யும் முன், எப்படி ஆஃப் செய்வீர்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் உள்ள போனில் இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தலாம். பிரவுசரில் அது பெரும்பாலும் முடியாது.

கேள்வி: சோதிப்பவர் கடலூரில், நிரல் எழுதுபவர் புதுச்சேரியில். வீடியோ அழைப்பில் போன் திரையைப் பகிர்ந்தால் படம் வருகிறது, டாக்பேக் குரல் மட்டும் வருவதில்லை. பாட்டு போட்டால் அது கேட்கிறது!
*— மஞ்சக்குப்பம், கடலூர்*

பாட்டு கேட்பதிலேயே பதில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒரு செயலி இன்னொரு செயலியின் ஒலியைப் பிடிக்கலாம். ஆனால் பாட்டு, வீடியோ, விளையாட்டு, வகை குறிக்காத ஒலி ஆகியவற்றை மட்டுமே. டாக்பேக்கின் குரல் 'அணுகல் உதவி' என்ற தனி வகை. திரைப் பகிர்வுச் செயலிக்கு அது எட்டாது.

இரண்டு வழிகளைச் சேர்த்தே பயன்படுத்தச் சொல்வோம். முதலாவது, பேசுவதை எழுத்தாகக் காட்டுவது. செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதில் டாக்பேக், அதன் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், டெவலப்பர் செட்டிங்ஸ் என்று போனால் 'டிஸ்ப்ளே ஸ்பீச் அவுட்புட்' இருக்கும். ஆன் செய்தால் டாக்பேக் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் திரையில் வரியாக வரும். திரைப் பகிர்வில் அந்த வரியும் தெரியும்.

இரண்டாவது, இன்னொரு போனிலிருந்து அதே அழைப்பில் சேர்ந்து, அதன் மைக்கைச் சோதனைப் போனின் ஒலிபெருக்கியருகே வைப்பது. சோதனைப் போனின் மைக்கை அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால், தன் ஒலிபெருக்கியில் வரும் குரலை எதிரொலி என்று நினைத்துத் தானே அழிக்கும். இரண்டாம் போனில் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்துங்கள். ஜூமில் இதற்கு 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தெரிவு உண்டு.

எழுத்து மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஓர் அறிவிப்பு பாதியில் வெட்டுப்படுவது, ஒன்றின் மேல் இன்னொன்று ஏறிப் பேசுவது, இரண்டு நொடி மௌனத்தில் பயனர் தவிப்பது எதுவும் எழுத்தில் தெரியாது.

கேள்வி: ஆப்பியம் என்ற கருவியை வைத்துத் தானியங்கிச் சோதனை ஓட்டுகிறோம். சோதனை தொடங்கியதும் டாக்பேக் ஊமையாகிவிடுகிறது.
*— நெல்லிக்குப்பம்*

ஆப்பியம் உள்ளே பயன்படுத்தும் யூஐ ஆட்டோமேட்டர், இயல்பாகவே டாக்பேக் போன்ற மற்ற அணுகல் சேவைகளை நிறுத்திவிட்டுத்தான் தொடங்கும். 'டிஸேபிள் சப்ரஸ் அக்சஸிபிலிட்டி சர்வீஸ்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று கொடுங்கள், டாக்பேக் உயிரோடிருக்கும். ஆனாலும் முதல் கேள்விக்குச் சொன்னது இங்கும் பொருந்தும்: ஆப்பியம் தட்டுவது டாக்பேக் வழியாகத் தட்டுவதாகாது. லேபிள், அதாவது பட்டனுக்கும் படத்துக்கும் டாக்பேக் சொல்ல வேண்டிய பெயர், இருக்கிறதா என்று ஒவ்வொரு பதிப்பிலும் சரிபார்க்க ஆப்பியம் நல்லது. பயன்படுத்த முடிகிறதா என்பதற்கு அது சாட்சி அல்ல.

கேள்வி: எங்கள் செயலி முழுக்கத் தமிழ். தொலைநிலை போனில் பாதி இடங்களில் டாக்பேக் மௌனமாகக் கடந்து போகிறது. சில அறிவிப்புகளில் ஆங்கில எழுத்துகளாகப் படிக்கிறது. பின்கோடையும் விசித்திரமாகச் சொல்கிறது.
*— முத்தியால்பேட்டை, புதுச்சேரி*

மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

மௌனத்துக்கு முதல் காரணம் குரல். வாடகைப் போன்களில் பெரும்பாலும் ஆங்கிலக் குரல்தான் இருக்கும். அது தமிழ் எழுத்தைப் பார்த்தால் பேசாமல் கடந்துவிடும். செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் பகுதிக்குப் போய், கூகுளின் பேச்சு இயந்திரத்தில் தமிழ் குரல் தரவை இறக்குங்கள். பல சேவைகள் ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் போனைத் துடைத்துவிடும் என்பதால், இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிவரும். வாடகை நேரத்தைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரலில்தான் கோளாறா, லேபிளே இல்லையா என்று பிரித்தறிய மேலே சொன்ன பேச்சு வரி உதவும். வரியில் தமிழ் வந்து காதில் வராவிட்டால் குரல் இல்லை. வரியில் 'பட்டன்' என்று மட்டும் வந்தால் லேபிள் இல்லை, அது உங்கள் குறை.

தமிழும் ஆங்கிலமும் கலந்த செயலி என்றால், எந்த வரி எந்த மொழி என்று நிரலிலேயே சொல்லுங்கள். அதற்கான நிரல் வசதிக்கு ஆண்ட்ராய்டில் லொக்கேல் ஸ்பான் என்று பெயர், ஐபோனில் அக்சஸிபிலிட்டி லாங்குவேஜ்.

ஆங்கில எழுத்தாகப் படிப்பது பழைய எழுத்துரு வேலை. பாமினி என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த 'அம்மா' கண்ணுக்கு அம்மாதான். உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். டாக்பேக் படிப்பது உள்ளே இருப்பதை. அறிவிப்புகளை அச்சகத்திலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வாங்கி அப்படியே ஏற்றுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஏற்றும் முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறுவது வழக்கம். படமாக ஏற்றிய அறிவிப்பு இதைவிட மோசம், அதில் படிக்க ஒன்றுமே கிடையாது.

605001 என்ற பின்கோடு 'ஆறு லட்சத்து ஐந்தாயிரத்து ஒன்று' என்று வந்திருக்கும். ஆண்ட்ராய்டில், ஒன்றை எப்படிப் படிப்பது என்று நிரலிலிருந்து குரலுக்குச் சொல்லும் டிடிஎஸ் ஸ்பானில் 'இலக்கங்கள்' வகையைக் கொடுத்து, நீங்கள் இறக்கிய தமிழ்க் குரல் அதை மதிக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இலக்கங்களுக்கிடையே இடைவெளி விட்டு லேபிள் எழுதும் குறுக்குவழியை நாங்கள் விரும்புவதில்லை. பிரெய்ல் திரையில் படிப்பவருக்கு அது சிதறிக் கிடக்கும். உங்கள் ஊருக்கே உரிய ஒன்றையும் சோதியுங்கள்: முகவரியில் 'ரூ துமாஸ்' என்று வரும்போது அந்த 'ரூ' தெருவாக வருகிறதா, ரூபாயாக வருகிறதா?

கேள்வி: அணுகல் குறைகளைத் தானாகத் தேடிச் சொல்லும் அக்சஸிபிலிட்டி ஸ்கேனர் ஒரு குறையும் இல்லை என்கிறது. அதற்கு மேலும் சோதிக்க வேண்டுமா? பேருந்து டிக்கெட் செயலி இது.
*— திருப்பாதிரிப்புலியூர், கடலூர்*

கட்டாயம் வேண்டும். தொடும் இடம் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) இருக்கிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற வேறுபாடு இருக்கிறதா, லேபிள் இருக்கிறதா என்பதை ஸ்கேனர் சொல்லும். லேபிள் சரியா என்று சொல்லாது. 'படம் 3' என்பதும் அதற்கு லேபிள்தான்.

ஒரு முழு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு, நாளை காலை, ஜன்னலோர இருக்கை, பணம் செலுத்துவது வரை. திரையைப் பார்க்காமல் செய்யுங்கள். எத்தனை ஸ்வைப் ஆகிறது என்று எண்ணுங்கள். இருக்கை வரைபடம்தான் முதலில் விழும். பச்சை காலி, சாம்பல் நிரம்பியது என்று நிறத்தால் மட்டும் சொல்லியிருந்தால் டாக்பேக் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று நாற்பது முறை சொல்லும். 'இருக்கை 14, ஜன்னலோரம், காலி' என்று வர வேண்டும். தேர்ந்தெடுத்ததும் 'தேர்வானது' என்பதும் வர வேண்டும்.

அடுத்தது ஓடிபி. ஆறு இலக்கத்துக்கு ஆறு பெட்டி வைப்பதை விட்டுவிடுங்கள். ஆறும் பெயரில்லாத பெட்டிகளாகப் பேசும், ஒரு இலக்கம் இட்டதும் கவனம் தானாகத் தாவும், பிழை திருத்தப் பின்னால் போனால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. ஒரே பெட்டி போதும். '30 நொடி' எண்ணிக்கையை ஒவ்வொரு நொடியும் அறிவிக்காதீர்கள், பயனர் தட்டச்சு செய்யும் இலக்கம் அதில் மூழ்கிப்போகும். தொடக்கத்தில் ஒரு முறை, பத்து நொடி மிச்சமிருக்கும்போது ஒரு முறை சொன்னால் போதும்.

முகம் காட்டிக் கண் சிமிட்டும் அடையாளச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அதற்கு மாற்று வழி தாருங்கள். டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு, இந்தக் கண் சிமிட்டலைப் பற்றியும்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 17802 என்ற அணுகல் தரமும் இருக்கிறது.

கேள்வி: ஐபோனுக்கும் இதெல்லாம் பொருந்துமா?
*— பாகூர்*

பெரும்பாலும். பேச்சு வரிக்கு அங்கே 'கேப்ஷன் பேனல்' என்று பெயர், வாய்ஸ்ஓவர் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. தமிழ் குரல் ஐஓஎஸ் 16 முதல் உண்டு. தலைப்பு, இணைப்பு என எதன்படி நகர்வது என்று தேர்ந்தெடுக்க இரண்டு விரலால் திருகும் ரோட்டரை மவுஸால் செய்ய முடியாது, சேவையில் அதற்கெனப் பட்டன் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே பாருங்கள். கணினியில் ஓடும் சிமுலேட்டரையும் அக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டரையும் லேபிள் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பார்வையற்றவன், டாக்பேக் பயன்படுத்துகிறேன். ஒரு நிறுவனம் தன் செயலியை வீட்டிலிருந்தே சோதித்துத் தரக் கேட்கிறது. என்ன கேட்டு வாங்க வேண்டும், எப்படி அறிக்கை தர வேண்டும்?
*— வில்லியனூர்*

இந்த இதழில் எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான். வாடகைப் போனும் கருவிகளும் உங்கள் காதுக்கு ஈடாகா. உங்கள் போன், உங்கள் குரல், நீங்கள் பழகிய வேகம், இவற்றில் வரும் முடிவுக்கே மதிப்பு. அதனால் முதலில் கேட்க வேண்டியது கூலி. மணிக்கு இவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், நிறுவும் நேரமும் அதில் அடங்க வேண்டும்.

செயலியை வாட்ஸ்ஆப்பில் கோப்பாக வாங்காதீர்கள். பிளே ஸ்டோரின் உள் சோதனை வழியில் 100 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்து இணைப்பு அனுப்பச் சொல்லுங்கள்.

அறிக்கையின் தலையில் போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, டாக்பேக் பதிப்பு, பேச்சு இயந்திரம், குரல் மொழி. பிறகு ஒவ்வொரு குறைக்கும் மூன்றே வரி: எங்கே நின்று என்ன செய்தீர்கள், டாக்பேக் என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும். டாக்பேக் சொன்னதை அதே வார்த்தையில் எழுதுங்கள். 'சரியாகப் படிக்கவில்லை' என்று எழுதினால் நிரல் எழுதுபவருக்கு எதைத் திருத்துவது என்று புரியாது. வேலையை முடிக்கவே முடியாதபடி தடுத்த குறைகளை மேலே வையுங்கள், எரிச்சலூட்டியவை கீழே இருக்கட்டும்.

உங்கள் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சொந்த யுபிஐ எதையும் சோதனைக்குக் கொடுக்காதீர்கள். சோதனைக் கணக்கும் சோதனைப் பணமும் நிறுவனம்தான் தர வேண்டும். தரும்வரை பணம் செலுத்தும் பக்கத்தைச் சோதிக்காமல் விட்டு, அறிக்கையில் 'சோதிக்கப்படவில்லை' என்றே குறியுங்கள்.