ஜெர்மனியில் பவேரியாவைத் தவிர, பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் பேராலயங்களையும் காண எந்தப் பகுதிக்குச் செல்லலாம்?

பெற்றோருடன் பெர்லினுக்கு வரவிருப்பதாகவும், நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையை முன்பே பார்த்துவிட்டதாகவும், கையில் நான்கு நாட்கள் இருப்பதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். லைப்சிக்கில் வசித்துக்கொண்டு வார இறுதிகளில் அக்கம்பக்கத்து மாநிலங்களைச் சுற்றிவருபவன் என்ற முறையில் என் பதில் சாக்சனி-அன்ஹால்ட். பெர்லினுக்குத் தென்மேற்கே, எல்பே ஆற்றுக்கும் ஹார்ட்ஸ் மலைக்கும் இடையில் பரந்திருக்கும் இந்த மாநிலத்தைப் பெரும்பாலான பயணிகள் ரயில் சன்னலிலிருந்து மட்டுமே பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

நொய்ஷ்வான்ஸ்டைன் 1869இல் கட்டத் தொடங்கப்பட்டது. இடைக்காலத்தின் மீது ஏக்கம் கொண்ட ஓர் அரசர் தமக்காக எழுப்பிக்கொண்ட கனவு அது. சாக்சனி-அன்ஹால்ட்டில் இருப்பதோ அந்த இடைக்காலமே. பத்தாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசர்கள் பிறந்து, ஆண்டு, புதைக்கப்பட்ட வரலாற்றின் பெரும்பகுதி இந்த நிலத்தில் நிகழ்ந்தது. பின்னாளில் இது பல சிறு சிற்றரசுகளாகவும் ஆயர்களின் ஆட்சிப் பகுதிகளாகவும் சிதறிக் கிடந்ததால், ஒவ்வொரு சிற்றரசரும் தமக்கென ஓர் அரண்மனையையும் தேவாலயத்தையும் விட்டுச்சென்றார். குவெட்லின்பர்க், நவும்பர்க் பேராலயம், விட்டன்பர்க்கிலும் ஐஸ்லேபனிலும் உள்ள, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதரின் நினைவிடங்கள், டெசாவ் நகரில் பவுஹவுஸ் என்ற நவீன வடிவமைப்புப் பள்ளியின் கட்டடங்கள், வோர்லிட்ஸ் தோட்டங்கள் என ஐந்து இடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. ஐந்தையும் நான்கு நாட்களில் ஓடி ஓடிப் பார்க்க முயல வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

எதை விட்டாலும் குவெட்லின்பர்க்கை விட்டுவிடாதீர்கள். 919இல் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாக்சனிக் கோமகன் முதலாம் ஹைன்ரிக், 936இல் இறந்தபோது இவ்வூரின் பாறைக்குன்றின் மேல் அடக்கம் செய்யப்பட்டார். குன்றின் அடியிலுள்ள ஒரு சிறு சதுக்கத்தைக் காட்டி, அவர் பறவை பிடித்துக்கொண்டிருந்தபோது முடி தேடி வந்தது இந்த இடத்தில்தான் என்று ஊரார் கதை சொல்வார்கள். கணவரின் கல்லறையைச் சுற்றி அரசி மட்டில்டா உயர்குடிப் பெண்களுக்கான ஒரு மடத்தை நிறுவினார். அந்த மடம் 936 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 870 ஆண்டுகள் நிலைத்திருந்தது என்பதும், அத்தனை காலமும் பெண்களே அதற்குத் தலைமை தாங்கினார்கள் என்பதும் இந்த ஊரை எனக்கு மற்ற எல்லாக் கோட்டை ஊர்களிலிருந்தும் வேறுபடுத்திக் காட்டுகின்றன. மடத்தலைவி வெறும் சமயத் தலைவி அல்லர். நிலமும் நீதிமன்றமும் வரி வாங்கும் உரிமையும் உடைய ஆட்சியாளர். முதல் மடத்தலைவியும் மட்டில்டா என்ற பெயரினரே. பேரரசர் முதலாம் ஓட்டோவின் மகள். அவருடைய அண்ணன் மகனான மூன்றாம் ஓட்டோ 997இல் இத்தாலிக்குப் போனபோது, நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இந்த அத்தையிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. 1477இல் நகரத்தார் மடத்தின் அதிகாரத்தை எதிர்த்தபோது, அப்போதைய மடத்தலைவி ஹெட்விக் தம் சகோதரர்களின் படையை வரவழைத்து நகரைப் பணியவைத்தார். நகரத்தின் சுதந்திரத்தைக் குறித்த ரோலண்ட் சிலை அன்று வீழ்த்தப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் நிறுத்தப்பட்ட அந்தச் சிலையை நகராட்சி மன்றத்தின் முன்னால் காணலாம்.

குன்றின் மேலுள்ள புனித செர்வாத்தியுஸ் தேவாலயம் 1129இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே தூண்களின் தலைப்பகுதிகளில் கழுகுகளும் கொடிகளும் விலங்குகளும் செதுக்கப்பட்டுள்ளன; அலங்காரம் அவ்வளவுதான், மற்றபடி கனத்த சுவரும் வளைவும் மட்டுமே. கீழே நிலவறையில் அரசி மட்டில்டாவின் கற்பேழை இருக்கிறது. 1936இல் ஹைன்ரிக்கின் ஆயிரமாவது நினைவு ஆண்டை நாஜித் தலைவர் ஹிம்லர் இங்கே கொண்டாடினார் என்பதையும், பிறகு இத்தேவாலயத்தை அவருடைய எஸ்.எஸ். அமைப்பு சபையாரிடமிருந்து பறித்துத் தன் வழிபாட்டிடமாக 1945 வரை வைத்திருந்தது என்பதையும் பெற்றோரிடம் சொல்லிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள்; அந்தக் கட்டடம் பட்டதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. இத்தேவாலயத்தின் கருவூலப் பொருட்கள் சில, போர் முடிந்த சமயத்தில் ஓர் அமெரிக்கப் படை அதிகாரியால் திருடப்பட்டு, அஞ்சலில் டெக்சாசுக்கு அனுப்பப்பட்டன. மணிகள் பதித்த அட்டையுடைய ஒன்பதாம் நூற்றாண்டு நற்செய்திச் சுவடி உட்படப் பெரும்பாலானவை 1993இல்தான் வீடு திரும்பின.

குன்றிலிருந்து இறங்கினால் நகரம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள், பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, இன்றும் மக்கள் குடியிருப்பவை. வோர்ட்காஸே தெருவிலுள்ள ஒரு வீடு பதினான்காம் நூற்றாண்டினது. அதையே மரச்சட்டக் கட்டுமான அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டால், குறுக்குக் கட்டைகளின் அமைப்பையும் உத்தரத்தின் முனையிலுள்ள செதுக்கலையும் வைத்தே மற்ற வீடுகளின் காலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும் அளவுக்கு உங்கள் கண் பழகிவிடும். கிழக்கு ஜெர்மனியின் காலத்தில் இப்பழைய நகரத்தின் பகுதிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டம் இருந்தது. பணமில்லாததால் அது நடக்கவில்லை. வீடுகள் சிதைந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் போலந்திலிருந்து வந்த சீரமைப்புக் கைவினைஞர்களும் இங்கே உழைத்தார்கள். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் மருத்துவரான டொரோத்தியா எர்க்ஸ்லேபன் 1715இல் பிறந்ததும் இவ்வூரில்தான். பட்டம் பெற்றது 1754இல், ஹாலே பல்கலைக்கழகத்தில்.

ஹாலே நகருக்கு நாமும் வருவோம், ஏனென்றால் தமிழர் ஒருவர் ஜெர்மனியில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் 1698இல் இங்கே ஓர் அனாதை இல்லத்தைக் கட்டத் தொடங்கினார். அது பள்ளிகள், மருந்தகம், அச்சகம், நூலகம் என வளர்ந்து ஒரு சிறு நகரமாகவே ஆயிற்று. ஹாலேயில் பயின்ற கிறிஸ்தவ மறைப்பணியாளர் பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் எழுத்துகளுக்கான அச்சு உருக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டுக் கப்பலேறின. அவற்றைக்கொண்டு 1713இல் தரங்கம்பாடியில் அச்சு வேலை தொடங்கியது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாகி முடிந்தது. 1714இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிய சீகன்பால்குவுடன் மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் வந்தார். லத்தீனில் எழுதப்பட்டு 1716இல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணம் உருவாக அவருடைய உதவி முக்கியமானது. ஐரோப்பியர் பெயர்கள் நிறைந்த இந்த வரலாற்றில் மலையப்பன் இன்னும் கூடுதலாக நினைக்கப்பட வேண்டியவர் என்பது என் உறுதியான எண்ணம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய விரிவான நூலை ஹாலே அன்று அச்சிடவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

இன்று அந்த வளாகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் தரங்கம்பாடிக் கடிதங்களும் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. காப்பகம் ஆய்வாளர்களுக்கானது; பயணிகள் பார்க்கக்கூடியதோ பழைய அனாதை இல்லத்தின் கூரைத்தளத்தில் உள்ள அரும்பொருள் அறை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியந்தீட்டிச் செய்த அதே அலமாரிகளில், கிளிஞ்சல்களும் எழுதுகோல்களும் உடைகளும் தொலைநாட்டுப் பொருட்களுமாக ஏறத்தாழ மூவாயிரம் பொருட்கள், மேலே கூரையிலிருந்து தொங்கும் ஒரு முதலையுடன் உள்ளன. இதற்கு அருகிலேயே உள்ள பழைய நூலக மண்டபம், நாடக மேடையின் பக்கத்திரைகளைப் போல் வரிசையாக நிற்கும் புத்தகத் தட்டுகளுக்குப் பெயர்பெற்றது. ஹாலேயில் மேலும் நேரமிருந்தால் மோரிட்ஸ்பர்க் கோட்டைக்குச் செல்லலாம். மாக்டபர்க் பேராயர்கள் 1484இல் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்று கலை அருங்காட்சியகம். நெப்ரா என்ற ஊருக்கருகில் 1999இல் கிடைத்த வெண்கல வான்தட்டு மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சூரியன் அல்லது முழுநிலவு, பிறை, விண்மீன்கள் ஆகியவற்றைத் தங்கத் தகட்டால் காட்டும் இத்தட்டு சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைக்கப்பட்டது. கோட்டைகளுக்காக வந்தவர்களும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஹாலேயிலிருந்து சாலே ஆற்றை ஒட்டித் தெற்கே, வட்டார ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் நவும்பர்க். அங்குள்ள பேராலயத்தின் மேற்குப் பாடகர் மண்டபத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செதுக்கப்பட்ட பன்னிரண்டு ஆளுயரச் சிலைகள் நிற்கின்றன. புனிதர்களுக்கு உரிய இடத்தில், பேராலயத்துக்குக் கொடையளித்த சாதாரண உயர்குடி ஆண்களும் பெண்களும் நிற்பது அக்காலத்துக்குத் துணிச்சலான செயல். அவர்கள் இறந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, முகம் பார்த்திராத அவர்களுக்கு ஒரு சிற்பி இத்தனை வெவ்வேறு மனநிலைகளைக் கொடுத்திருக்கிறார். மேலாடையின் கழுத்துப்பட்டியைக் கன்னம்வரை உயர்த்திப் பிடித்து விலகி நிற்கும் உத்தா என்ற பெண்ணின் சிலையைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். எனக்கோ அவருக்கு எதிர்ப்புறம் சிரித்துக்கொண்டு நிற்கும், போலந்து மன்னரின் மகளான ரெக்லிண்டிஸை விட்டு நகர மனம் வருவதில்லை. சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாததால் அவரை நவும்பர்க் ஆசான் என்று அழைக்கிறார்கள். நவும்பர்க்கிலிருந்து சில நிமிட ரயில் பயணத்தில் ஃபிரைபர்க்; திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே 1090 வாக்கில் நிறுவப்பட்ட நொயன்பர்க் கோட்டை. நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கோட்டை என்ற சித்திரத்துக்கு மிக நெருங்கி வருவது இதுவே. அதன் இரட்டை அடுக்குச் சிற்றாலயத்தில், மேல்தளத்தில் பிரபுக் குடும்பமும் கீழ்த்தளத்தில் மற்றவர்களும் ஒரே வழிபாட்டைக் கேட்டார்கள். நடுவில் ஒரு திறப்பு மட்டும்.

மாக்டபர்க்குக்கு அரை நாள் போதும். 1631இல் முப்பதாண்டுப் போரின்போது சுமார் இருபதாயிரம் பேர் கொல்லப்பட்டு எரிந்த நகரம் அது. 1945இல் குண்டுவீச்சில் மறுபடியும் அழிந்தது. ஆனால் 1209இல் தொடங்கி 1520இல் கோபுரங்கள் முடிந்த பேராலயம் நிற்கிறது. அதில் பேரரசர் முதலாம் ஓட்டோவின் எளிய கல்லறையும், ஆப்பிரிக்க முகச்சாயலுடன் கவசம் பூண்டு நிற்கும் புனித மவுரித்தியுஸின் சிலையும் இருக்கின்றன. 1240களில் செதுக்கப்பட்ட அந்த முகத்திலுள்ள மரியாதையைக் காணவாவது அங்கே இறங்குங்கள்.

வோர்லிட்ஸ் வேறு உலகம். அன்ஹால்ட்-டெசாவின் இளவரசர் ஃபிரான்ஸ், இங்கிலாந்தைப் பார்த்துவிட்டு வந்து, 1769 முதல் 1773 வரை ஓர் எளிய வெண்ணிற மாளிகையைக் கட்டி, சுற்றிலும் ஏரிகளும் பாலங்களுமாக ஒரு தோட்டத்தை அமைத்து, அதைத் தொடக்கத்திலிருந்தே மக்களுக்குத் திறந்துவிட்டார். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் தேவாலயக் கோபுரமும் யூதர்களின் வட்ட வடிவத் தொழுகைக்கூடமும் ஒரே பார்வையில் தெரியும்படி மரங்களை நட்டிருக்கிறார்கள். 1938இல் அந்தத் தொழுகைக்கூடத்தைக் கொளுத்த வந்தவர்களைத் தோட்ட இயக்குநர் தடுத்தார், அதனால் வேலையை இழந்தார், கட்டடம் பிழைத்தது. வெர்னிகரோடே அரண்மனை படங்களில் அழகாகத் தெரியும், ஹார்ட்ஸ் மலையின் நீராவி ரயிலும் அங்கிருந்து புறப்படுகிறது; எனினும் அதன் இன்றைய தோற்றம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டினது என்பதால், நொய்ஷ்வான்ஸ்டைனைப் பார்த்துவிட்ட நீங்கள் அதை விட்டுவிடலாம்.

உங்கள் நான்கு நாட்களை நான் இப்படிப் பிரிப்பேன். பெர்லினிலிருந்து காலையில் கிளம்பி மாக்டபர்க்கில் பேராலயத்தைப் பார்த்து, மாலையில் குவெட்லின்பர்க் சென்று அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள். பகல்நேரப் பயணிகள் கிளம்பிய பிறகு மாலையில் அந்தத் தெருக்களில் நிதானமாக நடக்கலாம். மூன்றாம் நாள் ஹாலே சென்று ஃபிராங்கே வளாகத்தைப் பார்த்து அங்கேயே தங்குங்கள். நான்காம் நாள் நவும்பர்க். பெற்றோருக்கு மலையேற்றம் முடியுமானால் நொயன்பர்க்கும். முடியாதென்றால், பெர்லினுக்குத் திரும்பும் வழியில் விட்டன்பர்க்கில் இறங்கி, 1517இல் லூதர் தம் 95 வாதங்களை அறைந்ததாகச் சொல்லப்படும் தேவாலயத்தைப் பார்க்கலாம். இப்போதுள்ள வெண்கலக் கதவு 1858இல் பொருத்தப்பட்டது. வோர்லிட்ஸுக்கு இந்த முறை இடமில்லை. கோடையில் இன்னொரு நாள் கிடைத்தால் டெசாவிலிருந்து பேருந்தில் போய்வரலாம். பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் குவெட்லின்பர்க், ஹாலே நாட்கள் திங்களன்று வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குவெட்லின்பர்க்கின் தெருக்கள் முழுவதும் கரடுமுரடான கல் பாவியவை. பெற்றோருக்குத் தட்டையான, அடிப்பகுதி தடித்த காலணி அவசியம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதிகளில் அங்கே வீட்டு முற்றங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அப்போது வருவதானால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.