படியேறினால் வலிக்கும் தாடை

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வசிக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. எடை 86 கிலோ. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தை மாதம் எனக்குத் திருமணம். அதற்குள் அவர் இளைக்க என்ன உணவு கொடுக்கலாம்? மாலையில் சாப்பிடும் தட்டுவடை செட்டை நிறுத்திவிடவா? துணி காயப்போட மாடி ஏறும்போது தாடை வலிக்கிறது என்று பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார். பல் மருத்துவர் பல்லில் குறையில்லை என்றார். நானும் அண்ணனும் நடக்கச் சொன்னால் கேட்பதில்லை.

பதில்: தட்டுவடை கிடக்கட்டும். படிக்கட்டில் ஏறினால் மட்டும் வரும் பல்வலியை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது எழும் வலி தாடையிலும் தோளிலும் மேல்முதுகிலும் தெரியலாம்; பெண்களிடம் இப்படித் தெரிவது ஆண்களைவிட அதிகம். கல்யாணப் புகைப்படத்தை நினைத்துக்கொண்டே எழுதியதால், சொல்ல வேண்டிய முதல் வரியைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள்.

எடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, இன்சுலினை வேலை செய்யவிடாமல், ரத்த அழுத்தத்தை ஏற்றி, இதய நாளங்களின் உட்சுவரில் படிவு வளர வழி செய்கிறது. மாதவிடாய் நின்றபின் அது வயிற்றில் இன்னும் கூடுகிறது. சர்க்கரையும் சேர்ந்தால், அதுவரை பெண்ணுக்கு இருந்த இயற்கைக் காப்பும் போய்விடுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தொட்டாலே எச்சரிக்கை.

ஆனால் இளைப்பது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. தாடைவலிக்கு அத்தனை நாள் தவணை கிடையாது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு நாளைக் காலையே அழைத்துச் செல்லுங்கள். “மாடி ஏறினால் தாடை வலிக்கிறது” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்; உட்கார்ந்தால் அடங்குகிறதா என்று அம்மாவிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுக்கும் இசிஜி சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் திரும்பிவிடாதீர்கள். இத்தகைய அடைப்பு அதில் தெரியாமலும் போகலாம். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்து மூச்சு வாங்கினாலோ 108ஐ அழையுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவரை நடக்கச் சொல்லித் துரத்தவும் வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகள் இருவர் இருக்கும் வீட்டில், ஈரத்துணி வாளியோடு தாய் மாடி ஏறுவதை எந்த வகையிலும் என்னால் ஏற்க முடியவில்லை. வாளியை இன்றிலிருந்து நீங்கள் தூக்குங்கள். அண்ணனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.